சூட்டுக்காத்து

– இந்த லேப்டாப்பு வேணாண்ணே. இதுல சூட்டுக்காத்து வலது பக்கமா அடிக்கும். மவுஸ் புடிக்கிற கை வெந்துரும்.

– யோகா, அந்தக் காத்து அவ்ளோ சூடாவா வரும்?

– மா, நீங்க சும்மா இருங்கம்மா. நான் பேசிக்கிறேன்.

– அக்கா கேக்கட்டும் தம்பி. புவனேஸ் கடையில கேள்விக்குக் காசு இல்ல லா. ரஞ்சிதம் அக்கா, கேம் ஆடுற லேப்டாப்புல படம் காட்டுறதுக்குன்னே தனியா ஒரு கார்டு இருக்கும். அது வேல செஞ்சா கொதிக்கும். ஃபேன் அந்தச் சூட்ட வெளிய தள்ளும்.

– தனி கார்டு இல்லாததும் இருக்கா புவனேசு?

– இருக்கே! அதுல கிராஃபிக்ஸ் மெயின் சிப்புக்குள்ளயே சேந்து இருக்கும். சூடு கம்மி, சத்தம் கம்மி, பேட்டரி நல்லா நிக்கும். பெரிய கேம்தான் இழுக்காது. ஆமா, தம்பிக்கு எதுக்கு வேணும்?

– படிக்கண்ணே. ஃபார்ம் சிக்ஸ்.

– என்ன பாடம்?

– ...அக்கவுண்டிங்.

– ஐயோ, அதுக்குத் தனி கார்டா! கன்ஃபம் தேவையில்ல. சேந்து வர்றதே தாராளம்.

– இல்லண்ணே, த்ரீடி மாதிரி ஏதோ வரும்னு டீச்சர்...

– அக்கவுண்டிங்லயா? எந்த டீச்சர் தம்பி சொன்னாங்க?

– விட்டுரு புவனேசு. புள்ள தல குனிஞ்சிட்டான் பாரு. கேம் ஆடத்தான் கேக்குறான். எனக்குத் தெரியும்.

– மா!

– தெரிஞ்சுதான்யா கூட்டிட்டு வந்தேன். புவனேசு, அந்தச் சூடாவுறதையே குடு.

– என்னக்கா இது? நேத்துகூட கோலா தெர்லாவுல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. சூடே ஆவக்கூடாது, மகன் மடியில வச்சுப் படிக்கிறான்னாங்க. நீங்க தலகீழா கேக்குறீங்க!

– நல்லா சூடாவணும். ஓடிக்கிட்டே இருந்தா அந்தக் காத்து நிக்காம வருமா?

– மா, மெதுவா பேசுங்க! வாசல்ல என் கிளாஸ் பசங்க நிக்கிறாங்க. அடுப்பு வாங்க வந்த மாதிரி சூடு சூடுன்னுக்கிட்டு... வெக்கமா இருக்கும்மா.

– சரி சரி, சண்ட வேணாம் லா. இன்னொரு மாடல் இருக்கு. தனி கார்டுதான், ஆனா காத்து பின்னால போயிரும். தம்பி கையும் வேகாது. ஸ்டோர்ல இருக்கான்னு பாத்துட்டு ஓடியாறேன்.

– ஏம்மா, கடையில வந்து இப்படியா பண்ணுவீங்க?

– அவரு உள்ள போயிட்டாரா? இங்க வா. பழைய லேப்டாப்பு மழையில நனைஞ்சு கெட்டுப் போறதுக்கு முன்னாடி, நீ ஆடுறப்ப அப்பா பக்கத்துல வந்து உக்காருவாருல்ல?

– ஆமா. ஒண்ணும் புரியாது, ஆனா யாருடா ஜெயிக்கிறா, யாருடா ஜெயிக்கிறான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. மைக் ஆன்ல இருக்கும். பசங்க எல்லாம் சிரிப்பாங்க.

– ஒரு நாளு நீ சொன்ன. போங்கப்பா, மானத்த வாங்காதீங்கன்னு.

– அது... கோவத்துல சொன்னதும்மா.

– அதுக்கப்புறம் அவரு வரவே இல்ல. யோகா, உங்கப்பா கேம் பாக்க வரலய்யா. அந்தச் சூட்டுல கை காய வந்தாரு.

– என்னம்மா சொல்றீங்க?

– தேயிலக் கொழுந்து வெட்டுற மெஷினப் புடிச்சுப் புடிச்சு, அந்த அதிர்வுல விரலெல்லாம் மரத்துப் போச்சு. இந்த மலக்குளிர் பட்டா சுண்ணாம்பா வெளுத்துருது. காலையில சட்ட பட்டன நான்தான் போட்டு விடுறேன். அந்தக் காத்துல கொஞ்ச நேரம் வச்சாதான் விரலு மடங்கும்.

– அப்ப ஹீட்டர் வாங்கிருக்கலாமேம்மா!

– கெஞ்சிப் பாத்துட்டேன். வேணாம்னுட்டாரு. தோட்டம் குடுத்த லைன் வீட்டுல எத ஒளிக்க முடியும்? முருகையாவுக்கு எதுக்கு ஹீட்டர்னு பக்கத்து வீட்டுல கேப்பாங்க. கங்காணி காதுக்குப் போவும். மெஷின் புடிக்க முடியாதவன்னு ஆயிட்டா வேலையும் போச்சு, வீடும் போச்சு. மகன் ஆடுறத வேடிக்க பாத்தா யாரு என்ன கேக்கப் போறா?

– எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?

– உங்கிட்டதான்யா அவருக்கு ரொம்ப வெக்கம். அப்பனுக்குக் கை போச்சுன்னு நீ நெனச்சிருவியாம்.

– மா... நான் மேசையக்கூட செவுத்தோட தள்ளிப் போட்டேன்மா. அவரு நாக்காலி போட எடம் இருக்கக் கூடாதுன்னு.

– தெரியும். அவருக்கும் தெரியும். நீ கேம் ஆடு, நான் வேணாங்கல. புதுசு வந்தா அவர வெரட்டாம இரு. அதுக்குத்தான் வேலைக்கு லீவு போட்டு வந்தேன்.

– மேசைய இன்னைக்கே இழுத்துப் போட்டுர்றேம்மா.

– கண்ணத் தொடச்சுக்க. புவனேசு வர்றாரு.

– தம்பி, உனக்கு லக் லா! காத்து பின்னால போறது ஒண்ணே ஒண்ணு இருக்கு. ராத்திரி பூரா ஆடு, கையில சூடே படாது. பில் போட்டுறவா?

– வேணாண்ணே. மொதல்ல காட்டுனீங்கள்ல, அதையே குடுங்க.

– வலது பக்கமா அடிக்குதே, அதா? கை வெந்துரும்னு நீதான தம்பி சொன்ன?

– எங்கப்பா வலது பக்கந்தாண்ணே உக்காருவாரு.