செவ்வாய்க்கிழமைச் சிரிப்பு சிஸ்டருக்கு

சர்க்கரை நோய்ப் பிரிவின் தலைமைச் செவிலியரே! முப்பத்துநான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காத முதல்வரே! ஊசிக்கு அஞ்சி ஓடியோரை உரிமையோடு உட்கார வைத்த உத்தமியே! கூடினாலும் குறைந்தாலும் குலுங்காத குணக்குன்றே! எங்கள் சிரிப்பு சிஸ்டரே! இந்தப் பாராட்டு விழாவில் சபையோர் முன் தலைதாழ்த்தி வணங்குகிறோம்.

அடைமொழிகளை இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். நேருக்கு நேர் புகழ்ந்தால், "வார்டுல வேலை கிடக்கு" என்று எழுந்து போய்விடுவது உங்கள் வழக்கம். ஆகவே இனி வருவதை வேறு யாரோ ஒரு சிஸ்டரின் கதை என்று வைத்துக்கொண்டு கேளுங்கள். கதவோரத்தில் மருந்தாளுநரை நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறோம். ஓடவும் முடியாது.

பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த சிஸ்டர் காத்திருப்புக் கூடத்து நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினார். பதினொரு நோயாளிகளை வட்டமாக நிறுத்தி, கைதட்டி, மூச்சை இழுத்து விட்டு, ஹோ ஹோ, ஹா ஹா ஹா என்று பொய்யாகவாவது சிரிக்கச் சொன்னார். ஆய்வகத்திலிருந்து எட்டிப் பார்த்த நாங்கள், சிஸ்டருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டோம். அதற்கான மன்னிப்பை இந்த மடலிலேயே கேட்டுவிடுகிறோம்.

பெரிய டாக்டர் கூப்பிட்டு விசாரித்தார். "ஏன் சிஸ்டர், சிரிச்சா சர்க்கரை போயிடுமா?"

"போகாது சார். மாத்திரை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, நடை, இதெல்லாம் அப்படியேதான் இருக்கும். ஆனா இவங்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வராங்க, நம்மகிட்ட திட்டு வாங்கிட்டு அப்படியே போறாங்க. பாதிப் பேர் அடுத்த தடவை வர்றதே இல்ல. இங்க வர்றதுக்கு ஒரு ஆசை வேணும் சார்."

மறுவாரம் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுத் தடுக்காமல் போனார். அதையே அனுமதி என்று சிஸ்டர் எடுத்துக்கொண்டார்.

வட்டம் வளர்ந்தது. நான்காம் ஆண்டில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்து சேர்ந்தார். இருபது ஆண்டு அனுபவம், இரண்டு வேளை இன்சுலின், இம்மியும் அசையாத முகம். எல்லோரும் குலுங்கும்போது அவர் மட்டும் பிரேக் போட்டது போல் நிற்பார். அவருக்கு ஒரே கவலை. அடுத்த மாதம் பணிமனையில் மருத்துவப் பரிசோதனை. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் பேருந்திலிருந்து இறக்கி மேசை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த மனிதரை ஒரு நாளாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று சிஸ்டருக்கும் ஒரு பிடிவாதம்.

அந்த நாளும் வந்தது. வட்டத்தின் நடுவில் ஓட்டுநர் திடீரென்று சிரித்தார். நிறுத்தாமல் சிரித்தார். கூடமே கைதட்டியது. "அப்படித்தான் அண்ணே! இன்னும் சத்தமா!" என்று சிஸ்டரும் தட்டினார். நாங்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்து தட்டினோம். இரண்டு நிமிடம் கழித்துத்தான் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருப்பதை சிஸ்டர் கண்டார். கையைப் பிடித்தார், சில்லிட்டிருந்தது, நடுங்கியது. "அண்ணே, இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். அதற்கும் சிரிப்புதான் பதிலாக வந்தது.

விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை நாற்பத்தாறு. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. சிஸ்டர் தரையிலேயே உட்கார்ந்து, அவர் தலையைத் தாங்கிக்கொண்டு, குளுக்கோஸ் கரைத்த நீரை மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் அவருக்குத் தெளிந்தது. அன்று நம் சர்க்கரை மீட்டரில் நல்ல எண் காட்ட வேண்டும் என்று முதல் நாள் இரவிலிருந்து சாப்பிடாமல், இன்சுலினை மட்டும் முழு அளவு போட்டுக்கொண்டு வந்திருந்தார். பரிசோதனை நாளில் பட்டினி கிடந்து நல்ல பேர் வாங்கப் பார்க்கும் நோயாளிகளை நாம் அறிவோம். தாழ்சர்க்கரையில் தடுமாறுகிறவருக்குக் கைதட்டிய செவிலியர் கூட்டம் நாம் மட்டும்தான்.

சிஸ்டர் யார் மீதும் பழியைப் போடவில்லை. "நோயாளியின் மயக்க நிலையைச் சிரிப்பு என்று நினைத்து இரண்டு நிமிடம் ஊக்கப்படுத்தினேன்" என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். வட்டம் நின்றது. அடுத்த செவ்வாய் நாற்காலிகள் வரிசையாகவே கிடந்தன.

ஓட்டுநர் அவமானத்தில் இந்தப் பக்கமே வரவில்லை. சிஸ்டர் பணிமனைக்கே போனார்.

"என்னால உங்களுக்குத்தான் கெட்ட பேரு சிஸ்டர். நான் வரல."

"தப்பு ஆளுக்குப் பாதி அண்ணே. நீங்க சாப்பிடாம வந்தீங்க, நான் கேக்காம விட்டேன். இனிமே நான் கேக்குறேன், நீங்க பொய் சொல்லாம சொல்லுங்க. மீட்டர் உங்களுக்கு மார்க் போடுற வாத்தியார் இல்ல."

அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் இன்றும் நம் கூடத்துச் சட்டம்: என்ன சாப்பிட்டீர்கள், என்ன மருந்து போட்டீர்கள் என்று சொல்லி, விரலை நீட்டிய பிறகே வட்டத்துக்குள் கால் வைக்கலாம். பெரிய டாக்டர் மறுபடி வட்டம் போட்டு ஒரு மாதம் பார்ப்போம் என்றார்; ஆறு ஆண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓட்டுநர் பணிமனை மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, நான்கு மாதம் மேசையில் உட்கார்ந்தார். மருந்து அளவு மாறியது, சாப்பாட்டு நேரம் ஒழுங்கானது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஒன்பதே முக்காலிலிருந்து ஏழரைக்கு வந்தது. மறுபடி ஸ்டியரிங் பிடித்தார். சிரிப்பால் குறைந்தது என்று யாராவது சொன்னால் சிஸ்டருக்குக் கோபம் வரும். சிரிப்பு அவரை வாராவாரம் இங்கே வரவழைத்தது, அவ்வளவுதான் என்பார்.

சென்ற மாதம் இந்த விழாவைப் பற்றிச் சொன்னபோது அந்த ஓட்டுநர் எங்களிடம் கேட்டார்: "சிஸ்டர் சிரிச்சு நீங்க யாராச்சும் பார்த்திருக்கீங்களா? வாய் சிரிக்கும். கண்ணு மட்டும் ஒவ்வொரு முகமா எண்ணிக்கிட்டே இருக்கும். அன்னிலேர்ந்து அப்படித்தான். என்னாலதான்."

எங்களுக்குச் சுருக்கென்றது. ஆறு ஆண்டுகளாகப் பக்கத்திலேயே இருந்தும் நாங்கள் கவனிக்கவில்லை.

ஆகவே சிஸ்டர், வேறு யாரோ ஒருவரின் கதை முடிந்தது, இது உங்களுக்கு. வியர்வையை, நடுக்கத்தை, தடுமாற்றத்தை முகம் பார்த்தே கண்டுபிடிக்க எங்களில் நால்வர் ஒரு மாதமாகப் பழகிவிட்டோம். தேர்வு வைத்தவர் பெரிய டாக்டர். நோயற்ற உடலும் நோகாத மனமும் பெற்று நூறு கடந்து வாழ்க என்று வாழ்த்துகிறோம். வாழ்த்தோடு விட மாட்டோம். வருகிற செவ்வாய்க்கிழமை காலைச் சிற்றுண்டி முடித்துவிட்டு வாருங்கள். விரலை நீட்டுங்கள், வட்டத்துக்குள் வந்து நில்லுங்கள். ஓட்டுநர் அண்ணன் உங்கள் பக்கத்தில் நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு சிரியுங்கள் சிஸ்டர். முகங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

என்றும் உங்கள் அன்பில்,
சர்க்கரை நோய்ப் பிரிவின் செவிலியர், ஆய்வகத்தார், மருந்தகத்தார், துப்புரவுப் பணியாளர்கள் அனைவரும்