ஜெயக்கொடி கண்ட பூ

பறித்த அரை மணி நேரத்தில் காட்டுப்பூ வாடத் தொடங்கிவிடும், ஐயா. பலரும் இதைக் கவனிப்பதில்லை.

நான் தாவரவியல் பேராசிரியர். பனிமலைப் பூக்களைச் சேகரிக்க இமயத்துக்குப் போக வேண்டுமென்று முப்பது வருஷ ஆசை. போய்ச் சேர்ந்ததென்னவோ செஞ்சிக் குன்றுகளுக்குத்தான். அதற்கும் மலையேறும் பூட்ஸ், தொப்பி, கழுத்தில் உயரம் காட்டும் கருவி.

"இமயமலைக்குக் கிளம்பிட்டாரு. போற வழியில ரேஷன்ல பாமாயில் போடுறானான்னு பாத்துட்டுப் போங்க" என்பாள் என் மனைவி ஜெயக்கொடி. சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையோடு அவளும் வருவாள்.

அன்று போனது கோட்டைக்குப் பின்னாலுள்ள, படியில்லாத குன்று. பாறை இடுக்கில் ஊதாப் பூவோடு ஒரு செடி, நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்காதது. முதலில் கண்டது அவள்தான். எனக்கு முழங்கால் வலி. அவளே எட்டி வேரோடு பிடுங்கி என் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் அவள் கால் வழுக்கியது. பதினைந்தடிப் பள்ளம்.

"இன்னாங்க, எழுந்துக்க முடியல. யாருக்காச்சும் போன் போடுங்க."

போனில் நாலு சதவீதம் சார்ஜ் இருந்தது. செடி காய்ந்தால் ஊதா பழுப்பாகிவிடும். நிறத்துக்குப் படம் ஒன்றுதான் ஆதாரம். நான்கு படம் எடுத்தேன். போன் அணைந்தது. பிறகு இதழ்களை விரித்து, செய்தித்தாளுக்குள் வைத்து, அட்டைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டினேன். செடியோடு வைக்கும் குறிப்புச் சீட்டில் நேரம் 9.40, கண்டவர் ஜெயக்கொடி என்று எழுதினேன். வேறொருவராயிருந்தால் தன் பெயரைப் போட்டிருப்பார்.

"இன்னும் முடியலியா?"

"அஞ்சு நிமிஷம்மா."

கீழே இறங்க இருபது நிமிஷம் போதும். நான் இறங்கி ஆட்களைக் கூப்பிட்டபோது மணி 11.20. அவர்கள் தூக்கி வந்தது உடலைத்தான்.

இரங்கல் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புதிய இனத்துக்கு மனைவி பெயரைச் சூட்டப்போகும் கணவர் என்று கல்லூரி முதல்வர் அரை மணி நேரம் பேசினார். நான் அழுதது நடிப்பல்ல. போன வாரம் ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது: புதிய இனமல்ல, தொண்டூர் ஏரிக்கரையில் ஆடு மேயும் பூண்டுதானாம். மறுபரிசீலனைக்கு எழுதியிருக்கிறேன்.

போன் போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்றால், பிழைத்திருப்பாள். அது எனக்கு அப்போதே தெரியும்.

பத்து மணிக்கு மேல் அவள் கூப்பிடவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக என் வேலை அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் அவசரப்படாமல் செய்தேன்.