செல்லாத ஆறு நோட்டு

— ஆறு நோட்டும் செல்லாது சார். ஒண்ணுகூடச் செல்லாது.

— என்னப்பா விளையாடறியா? அந்த நாட்டுலயே பெரிய நோட்டு இதுதான். துறைமுகத்துல நாலு வருஷம் கிரேன் ஓட்டிச் சேத்தது. கண்ணாடியைப் போட்டுப் பாரு.

— போட்டுத்தான் சார் இருக்கேன். பணம் மாத்தற கடையில இருபது வருஷமா உக்காந்திருக்கேன். பாருங்க, பெரிய நோட்டுக்கு நாட்டுக்கு ஒரு சட்டம். ஒரு நாட்டுல அச்சடிக்கறதையே நிறுத்திடுவாங்க, ஆனா எப்பக் கொண்டு போனாலும் மாத்திக்கலாம். இன்னொரு நாட்டுல சட்டப்படி செல்லும், எந்தக் கடைக்காரனும் கையால தொட மாட்டான். இந்த நாட்டுல அதே பெரிய நோட்டைப் புது அச்சுல விட்டு, இந்தப் பழைய அச்சுக்குக் கெடு வெச்சாங்க. கெடு முடிஞ்சுது, நோட்டும் முடிஞ்சுது.

— நல்லா இருக்கு போங்க! கட்டின பொண்டாட்டிகிட்ட ஒளிச்சு வெச்சு என்னத்தைக் கண்டீங்க? பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட நாளைக்குக் கடைசி நாள்.

— நீ சும்மா இரு. உன் கையில குடுத்திருந்தா என்னைக்கோ கரைஞ்சிருக்கும். அதான் பெட்டிக்குள்ள அட்டைக்கு அடியில வெச்சேன். பெரிய நோட்டுன்னா உடைக்க மனசு வராது பாரு. நான் யாரு?

— அதையும் நீங்களே சொல்லிக்கோங்க.

— ஏம்ப்பா, கெடு எப்ப முடிஞ்சுது?

— பதினஞ்சு வருஷம் ஆச்சு சார்.

— மாட்டினியா! நான் அங்க போனதே பதினோரு வருஷம் முன்னாடிதான். செத்துப்போன நோட்டையா எனக்குச் சம்பளமாக் குடுத்தான்?

— அதான் எனக்கும் இடிக்குது சார்.

— எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்த சூப்பர்வைசர்! கிளம்பற அன்னிக்குத் தோள்ல கையைப் போட்டு, சிரிச்சுக்கிட்டே குடுத்தான். படுபாவி, விளங்குவானா?

— யாரையும் திட்டாதீங்க. எழுந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்.

— ஒரு நிமிஷம் சார். பின்பக்க மூலையில பென்சில்ல சின்னதா எழுதியிருக்கு பாருங்க. பழைய நோட்டு சேக்கறவங்களுக்கு விக்கிற கடையில இப்படித்தான் விலை போடுவாங்க. அதுவும் நம்ம ஊர்க் காசுல. யாரோ இங்கயே வாங்கியிருக்காங்க.

— இங்கயா? பெட்டி என் கட்டிலுக்குக் கீழல்ல இருக்கு! யாரு வந்து தொடப் போறா? ஏய், நீ என்ன தரையையே பாத்துக்கிட்டு நிக்கற?

— ஒண்ணுமில்லைங்க. கால் வலிக்குது.

— உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கறீங்களா?

— வேணாம்ப்பா.

— சரி விடு. பொண்ணு படிப்பு நிக்கக் கூடாது. என் தம்பி இருக்கான். ரெண்டு வருஷம் முன்னாடி என் நெஞ்சு ஆபரேஷனுக்கு முழுப் பணத்தையும் கட்டினவன். நீதானே ஸ்ட்ரெச்சர் பக்கத்துல வந்து சொன்னே, "உங்க தம்பி கட்டிட்டாரு, தைரியமா உள்ள போங்க"ன்னு?

— ஆமாங்க.

— அதைப் பத்திப் பேச்செடுத்தாலே, "என்னண்ணே சொல்றே, ஒண்ணும் புரியலையே"ம்பான். அவ்வளவு பெருந்தன்மை! உங்க வீட்டு ஆளுங்க ஒருத்தராவது எட்டிப் பாத்தாங்களா?

— இல்லைங்க.

— இப்பவே அவனுக்குப் போன் போடறேன்.

— வேணாங்க. போடாதீங்க.

— ஏன், குடுக்க மாட்டான்னு நெனைக்கறியா?

— அன்னிக்கும் அவர் போனை எடுக்கலைங்க.