மறுவளம்

பிரான்சில் கோட்டை பார்க்கப் போகிறவர்கள் முதலில் நல்ல சப்பாத்து வாங்க வேண்டும். படங்களில் தோட்டமும் கோபுரமும்தான் தெரியும். உள்ளே போனால் முழுக்கப் படிக்கட்டு. என் மகள் லோஜனா மெல்லிய செருப்போடு வந்து, இரண்டாம் நாளே குதிக்காலைத் தடவிக்கொண்டு நின்றாள். நான் ஆக்லாந்திலேயே சொல்லியிருந்தேன். என் வீட்டில் என் சொல்லைக் கேட்பது குறைவு.

மொழிபெயர்க்க வந்திருக்கும் தங்கச்சி, உங்கள் பெயர் மஹதி என்றீர்கள். தமிழ்நாடு என்று பேச்சிலேயே தெரிகிறது. நான் சொல்வதை இந்தப் பொலிஸ் அதிகாரிக்கு அப்படியே சொல்லுங்கள். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். கார் ஓட்டப் பழக்குவதுதான் என் தொழில், ஆங்கிலம் இல்லாமல் அது நடக்காது. ஆனாலும் நடந்தது தமிழில் நடந்தது. பக்கத்து அறையில் லோஜனா ஆங்கிலத்தில் சொல்லியிருப்பாள். இங்கே பிறந்த பிள்ளை. அவள் வாயில் ஒன்றிரண்டு சொல் பிழையாகப் போயிருக்கும் என்பதுதான் என் கவலை. காலையில் மாசிப் பகுதியில் உள்ள என் வீட்டு வாசலில் பொலிஸ்காரர் வந்து கூப்பிட்டார்கள், உடனே சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

என்னை எல்லோரும் கதிர் மாஸ்டர் என்பார்கள். முழுப் பெயர் கதிர்காமநாதன். இந்த ஊருக்குப் புதிதாக வருகிற தமிழர்கள் மோட்டார்வேக்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டார்கள், நடுவட்டத்தைச் சுற்றிப் போகிற ரவுண்டபவுட் என்றால் ஒதுங்கப் பார்ப்பார்கள். நான் அவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். "கோயில்லை எப்பிடிச் சுத்துவியள்? சாமி உங்கட வலக்கைப் பக்கம் இருக்கும். அதுதான் வலம். அப்பிடியே சுத்துங்கோ." உடனே பிடித்துக்கொள்வார்கள். மனுரேவாவிலிருந்து மாசி வரை இந்த ஒரு சொல்லில் லைசென்ஸ் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். கடையில் கண்டால் இன்றைக்கும் "மாஸ்டர், வலம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

என் மனைவி ரதிதேவிக்கு மட்டும் நான் பழக்கவில்லை. அவளுக்குத் தேவைப்படவில்லை. போக வேண்டிய இடத்தைச் சொன்னால் கொண்டுபோய் விடுவேன், முடிந்ததும் கூட்டிவருவேன். யாரோடு கதைத்தாள், எங்கே நின்றாள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும். ஒரு குடும்பத்துக்கு அது பாதுகாப்பு. அவளும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தாள் என்று நம்புகிறேன்.

ஒருநாள் என்னிடம் பழகுகிற பெடியன் ஒருவன் பாதி வழியில் சொன்னான். "மாஸ்டர், அக்காவை வெஸ்ட்கேட் பக்கம் கண்டன். எல் போர்ட் போட்டு நல்லாத்தான் ஓடுறா." ரதி ஒரு மலேசியத் தமிழ்ப் பெண்ணிடம் போய்ப் பழகியிருக்கிறாள். முதல் தடவையிலேயே பாஸாகியும் விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஆளுக்காள் பகிடி. "மாஸ்டரின்ரை மனிசிக்கு வேற ஆள் படிப்பிச்சிருக்கு." நானும் சிரித்தேன். எனக்கு அது அவமானம். அதை யாருக்கும் காட்டவில்லை, அவளுக்கும் காட்டவில்லை. நான் கை நீட்டுகிற ஆள் இல்லை, இதை அதிகாரி எழுதிக்கொள்ளட்டும்.

பிறகு அவள் மனுரேவாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நகரத்தின் அந்தக் கரைக்குத் தினமும் தானே ஓடிப்போய்த் தானே திரும்பி வந்தாள். வீட்டுக்குள் வரும்போது பாட்டு முணுமுணுப்பாள். 

பிரான்ஸ் பயணம் லோஜனாவின் ஆசை. பள்ளிப் படிப்பு முடிந்திருந்தது, சரித்திரம் என்றால் அவளுக்கு உயிர். ரதியின் தம்பி திலக்சன் பாரிசில் இருக்கிறான். நாங்கள் ஒரு கார் வாடகைக்கு எடுத்தோம், அவன் தன் காரில் வழிகாட்ட முன்னால் வந்தான். கோட்டை கோட்டையாகப் பார்த்துக்கொண்டு போவது என்று ஏற்பாடு. புறப்படும்போது நான் ரதியிடம் சாவியைக் கொடுத்தேன். "காரை நீர் ஓடும். எனக்கு நாரி நோகுது. நான் பக்கத்திலை இருந்து பாதை சொல்லுறன்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக என்னை அவள் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. என் இடுப்பில் நோவு எதுவும் இருக்கவில்லை. அன்றைக்கு என் மனதிலும் தீது இருக்கவில்லை. அவளுக்கு நான் வேண்டும் என்பதை அவள் உணர வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நாட்டில் எல்லாம் எதிர்ப்பக்கம். நாங்கள் ஊரிலும் இடப்பக்கம் ஓடினவர்கள், இங்கேயும் இடப்பக்கம். திலக்சன்தான் வழி சொன்னான். "அக்கா, ஒண்டும் யோசியாதை. வலம், வலம் எண்டு சொல்லிக்கொண்டு வலப்பக்கமா ஓடு." நல்ல யோசனை. அன்றிலிருந்து கார் புறப்படும் ஒவ்வொரு தடவையும் நான் "வலம்" என்பேன், ரதி "ஓம், வலம்" என்பாள், பின்சீட்டில் லோஜனா தன் ஆங்கில நாக்கால் ஒருமுறை சொல்வாள். சிரிப்பாகத்தான் இருந்தது.

ரவுண்டபவுட்டில் ஒரு சிக்கல் உண்டு, தங்கச்சி. அங்கே சுற்றுவது கோயிலுக்கு நேர் எதிராக. நடுவட்டம் உங்கள் இடக்கைப் பக்கம் வரும். அங்கே வலம் என்று சொன்னால், எங்கள் ஆட்கள் கோயிலைச் சுற்றுவது போல, ஆக்லாந்தில் சுற்றுவது போல, எதிரே வருகிற வாகனத்துக்குள் போவார்கள். அதனால் ரவுண்டபவுட்டுக்கு மட்டும் வேறு சொல் வைத்தேன். மறுவளம். உங்களுக்கு விளங்காமல் இருக்கலாம். சட்டையின் உட்பக்கம் வெளியே தெரியப் போட்டால் "மறுவளமாய்ப் போட்டிருக்கிறாய்" என்போம். எதிர்ப்பக்கம் என்று எழுதுங்கள்.

ரதி நன்றாக ஓடினாள். அதை நான் சொல்லத்தான் வேண்டும். என் பயிற்சிக் காரில் என் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். இந்தக் காரில் இல்லை. முதல் நாள் முழுக்க என் கால் அதைத் தேடிக்கொண்டே இருந்தது. பிறகுதான் விளங்கியது, அங்கே எனக்கிருந்த ஒரே பிரேக் என் வாய்.

பழகுகிறவர்களுக்கு நான் போகப்போகக் குறைவாகத்தான் சொல்வேன். சொல்லிக்கொண்டே இருந்தால் அவர்கள் காதால் ஓடுவார்கள், கண்ணால் ஓட மாட்டார்கள். ரதிக்கு ஒரு சந்தியும் விடாமல் சொன்னேன். மூன்றாம் நாள் அவள் அம்புக்குறிப் பலகைகளைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

சம்போர் கோட்டையில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. இரண்டு சுற்றுப்படிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி மேலே போகும். ஒன்றில் ஏறுகிறவர் மற்றதில் ஏறுகிறவரைத் துவாரங்களால் பார்க்கலாம், சந்திக்க முடியாது. தாயும் மகளும் ஒன்றில் ஏறினார்கள், என்னை மற்றதில் அனுப்பினார்கள். ஒவ்வொரு துவாரத்திலும் அவர்கள் முகம் தெரிந்தது, ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். விளையாட்டுத்தான். எனக்கு மூச்சு வாங்கியது.

மறுநாள் ஆற்றின் மேல் பாலம் போலக் கட்டிய கோட்டைக்குப் போனோம். நீண்ட மண்டபம், நிறையச் சனம். லோஜனாவும் திலக்சனும் முன்னால் போய்விட்டார்கள். ரதி ஒரு ஜன்னலருகே நின்று மெல்லச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, பிளாட் புஷ்ஷிலை நான் வீடு பாத்திட்டன். திரும்பிப் போனாப்பிறகு நானும் பிள்ளையும் அங்கை போறம்."

"ஏன் இஞ்ச வைச்சுச் சொல்லுறீர்?" என்றேன்.

"இஞ்ச ஆக்கள் நிக்கினம், அதுதான்."

நான் கை நீட்டுகிற ஆள் இல்லை என்று முன்பே சொன்னேன். ஆனாலும் அவள் ஆட்கள் நிற்கிற இடமாகப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆறு கோட்டைக்குக் கீழால் போய்க்கொண்டிருந்தது. "யோசிச்சுச் செய்யும்" என்றேன். பிறகு எல்லோருமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் ஒரு சின்னக் கோட்டை. பெயர் வாயில் வராது. போகும் வழியில் வயல்களுக்கு நடுவே ஒரு ரவுண்டபவுட். நடுவட்டத்தில் ஆளுயரத்துக்குப் புதர் வளர்த்திருந்தார்கள், அந்தப் பக்கம் வருவது இந்தப் பக்கம் தெரியாது. பெரிய சாலை ஒன்று வந்து சேர்கிற இடம், லொறிகள் வேகத்தைக் குறைக்காமல் வந்தன. "மறுவளம்" என்றேன். ரதி சரியாகச் சுற்றினாள். திரும்பி வரும்போதும் இதே வழிதான் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பது குற்றமில்லை.

கோட்டையில் நான் எதையும் வடிவாகப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் திலக்சனிடம், அவன் காரில் வருவதாகச் சொன்னேன். ரதியின் கார் முன்னால் போகட்டும், ஓட்டத்தில் உள்ள பிழை பின்னால் இருந்து பார்த்தால்தான் தெரியும், போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாதை சொல்கிறேன் என்றேன். மாஸ்டர் சொன்னால் யார் மறுப்பார்கள். லோஜனாவையும் எங்களோடு வரச் சொன்னேன். அவள் தாயின் காரில் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். "ஐம் வித் அம்மா" என்றாள். நான் இன்னொரு தரமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்டதைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். கார்க் கதவு மூடியது. மழை தூற ஆரம்பித்திருந்தது.

சந்திக்குச் சந்தி சொல்லிக்கொண்டு போனேன். "வலம்." "ஓம், வலம்." திலக்சன் பக்கத்தில் ஏதோ மரக்கறிக் கடையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு ஓடினான். பிள்ளை அந்தக் காரில் இருக்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பின்கண்ணாடி வழியே அவள் தலை தெரிந்தது, கையை ஆட்டி ஆட்டித் தாய்க்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். என் கால் இல்லாத பிரேக்கை மறுபடி தேடியது. இன்றைக்கு வேண்டாம் என்று ஒரு நினைப்பும் வந்தது. பிளாட் புஷ் வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் இப்படியேதான் சிரித்துக் கதைப்பார்கள் என்ற நினைப்பும் வந்தது.

ரவுண்டபவுட் வந்தது. "வலம்" என்றேன்.

திலக்சனுக்கு அதில் பிழை தெரியவில்லை. அது அவன் சொல்லிக்கொடுத்த சொல், மறுவளம் எங்கள் காருக்குள் மட்டும் இருந்த சொல். வலப்பக்கமாக ஓடு என்றுதான் அவன் காதில் விழுந்திருக்கும். ரதியின் காதில் கோயில் விழுந்தது. அவள் கோயிலைச் சுற்றுவது போல இடப்பக்கமாக உள்ளே போனாள். புதருக்கு அந்தப் பக்கமிருந்து லொறி வந்தது. திலக்சன் "அக்கா" என்று கத்தினான். நான் கத்தவில்லை, போன் என் கையில் இருந்தது.

ரதியின் உயிர் அங்கேயே போய்விட்டது. லோஜனா பிழைத்தாள், இடுப்பெலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டுப் பொலிஸ் அதிகம் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரர் பக்கம் மாறி ஓடிவிட்டார் என்று முடித்தார்கள். திலக்சன் இன்றைக்கும் போன் எடுத்து அழுகிறான். "நான் சொல்லிக்குடுத்த சொல்லு அத்தான், நான்தான் அக்காவைச் சாகடிச்சனான்" என்பான். "விடு தம்பி, உன்னிலை பிழையில்லை" என்று ஆறுதல் சொல்வேன். அதற்கு மேல் நான் அவனுக்கு ஒன்றும் சொன்னதில்லை.

நல்லவேளை, லோஜனாவுக்கு எதுவும் ஞாபகமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். நான் அவளை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். போகுமிடமெல்லாம் நானே கொண்டுபோனேன், நானே கூட்டிவந்தேன். ஊன்றுகோலோடு என் காரில் ஏறி இறங்குவாள். பழையபடி வீடு ஒழுங்காக இருந்தது. போன கிழமை குசினியில் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். "அப்பா, வை டிட் யூ சே தட்?" என்று கேட்டாள். எதை என்று அவள் சொல்லவில்லை. நான் ஒரு கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினேன். தேத்தண்ணியை அவள் குடிக்கவில்லை.

அவள் உங்களிடம் சொல்லியிருக்கக்கூடியது அந்த "வலம்" இல்லை. அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. மறுவளம் என்று சொல்ல வாயெடுத்தேன், முன்பாதி தொண்டையில் நின்றுவிட்டது, பின்பாதி மட்டும் வந்தது, வளம் போனில் வலமாகக் கேட்டிருக்கும். இவ்வளவு நாளும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஓரளவு நம்பவும் செய்தேன்.

ஆனால் இடையில் ஒன்று நடந்தது. பிள்ளைக்கு ஞாபகம் வந்தபடியால் நானே சொல்லிவிடுகிறேன். நான் வலம் என்றதும் ரதி உடனே உள்ளே போகவில்லை. காரை நிறுத்தினாள். பிரேக் வெளிச்சம் சிவப்பாக எரிந்தது. அவளுக்குள் எங்கோ ஐமிச்சம், ஒரு சந்தேகம், தட்டியிருக்கிறது. போனில் அவள் குரல் வந்தது. "வலமோ?" என்று கேட்டாள்.

அந்தப் பயணம் முழுக்க நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவளாக என்னிடம் வழி கேட்டது அந்த ஒரு தடவைதான். வெஸ்ட்கேட்டில் வேறொருத்தியிடம் பழகியவள், பிளாட் புஷ்ஷில் தானே வீடு பார்த்தவள், கடைசியில் என்னிடம் கேட்டாள். கட்டிய மனைவி வழி கேட்கும்போது பதில் சொல்லாமல் விடுகிற புருஷன் இல்லை நான்.

"ஓம்" என்றேன். தங்கச்சி, அதை மந்திரம் என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் பேச்சில் அதற்கு ஆமாம் என்று பொருள்.