காலிஃபிளவர் சோறு

டீ வேண்டாம் மேடம். சர்க்கரை போட்டுத்தான் கொண்டுவந்திருப்பார்கள். பதினான்கு மாதமாக நான் அதைத் தொடுவதில்லை. கொஞ்சம் வெந்நீர் கிடைத்தால் போதும்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். கோர்வையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், எழிலரசி மேடம். ஆனால் என்னால் கையெழுத்துப் போட முடியாது. இரண்டு இடத்தில் தப்பு இருக்கிறது. முதல் தப்பு, 'பென்னலூரில் மகளிர் விடுதி நடத்தும் சுந்தராம்பாள், நோயைப் பற்றிய அறியாமையால்' என்று தொடங்கும் வரி. என் கணவர் வெங்கடேசன் சொன்னதைக் கேட்டு அப்படி எழுதியிருப்பீர்கள். ஊரிலும் அதைத்தான் பேசுகிறார்கள். சுகர் வந்த பெண்ணுக்குச் சர்க்கரை கொடுக்கலாமா, கொடுக்கக் கூடாதென்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டாள், பாவம், விவரம் தெரியாதவள் என்கிறார்கள்.

விவரம் தெரியாதவள் இருபத்தொன்பது கிலோ குறைக்க முடியாது மேடம்.

தொண்ணூற்று நான்கு கிலோ இருந்தேன். மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்பேன். ஒருநாள் சோற்றை நிறுத்தினேன். இட்லி, தோசை, உருளைக்கிழங்கு, சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்தினேன். முட்டை, கீரை, கோழி, மோர், ஒரு பிடி நிலக்கடலை. முதல் வாரம் தலை சுற்றியது. பக்கத்து வீட்டில் சோறு வடிக்கிற வாசனை வந்தால் அழுகை வரும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எதில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது, அது ரத்தத்தில் போய் என்ன செய்கிறது, இன்சுலின் எதற்குச் சுரக்கிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். நீங்கள் கேட்டால் இப்போதே சொல்வேன்.

ஹாஸ்டலில் இருபத்தாறு பெண்கள். எல்லோரும் ஒரகடம் கம்பெனிகளில் வேலை. அத்தனை பேரில் ஒருத்திகூட நான் இளைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. செல்லக்கனிதான் கேட்டாள்.

அவள் திருச்செந்தூர்ப் பக்கம். இருபத்தொரு வயது. பதினொரு வயதிலிருந்து தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவள். கம்பெனியில் தெரிந்தால் கான்ட்ராக்டை நீட்டிக்க மாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை, ரூமில் கூட இருக்கும் சுகப்பிரியாவிடம்கூட. மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், ஃபிரிட்ஜ் என் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது, அதனால் என்னிடம் மட்டும் சொன்னாள். வந்த அன்றே ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

"யக்கா, எனக்கு வேர்த்து, கையி நடுங்குச்சுன்னா மூணு கரண்டி சீனிய தண்ணியில கலக்கிக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். மயங்கிட்டேன்னா வாயில ஒண்ணும் ஊத்தாதிய, 108-க்குப் போன் போட்டுருங்க."

இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது. இரண்டு முறையும் நான்தான் கலக்கிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, மதியத்துக்கு என்ன குழம்பு என்று கேட்பாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்பத்து மூன்று கிலோ இருப்பாள். தட்டில் சோற்றைக் குவித்துக்கொண்டு, நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றி, என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் கோவைக்காயை மென்றுகொண்டிருப்பேன். எவ்வளவு சாப்பிட்டாலும் அவள் உடம்பில் ஒட்டாது. போதாததற்கு விரலை வேறு நக்குவாள். அவளை எனக்குப் பிடிக்காமல் போனது அங்கே ஆரம்பித்திருக்கலாம்.

தை பிறந்த வாரம், எல்லோரும் வாசலில் இருக்கும்போது என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யக்கா, நீங்க குண்டா இருக்கையிலதான் லட்சணமா இருந்திய. இப்ப மொகம் வத்திப்போய் ஏதோ சீக்காளி மாதிரி இருக்கு. ரெண்டு வாய் சோறு தின்னுங்கக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். வெங்கடேசன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் சொன்னா எங்க கேக்குது இது? நீயாவது சொல்லும்மா" என்றார். அவள் பாசத்தில் சொன்னாள் என்று பிறகு சுகப்பிரியா சொன்னாள். இருக்கட்டும். பாசத்தில் சொன்னால் வலிக்காது என்று யார் சொன்னது?

அதற்கு அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ஹாஸ்டலில் மதியச் சோற்றை நிறுத்தினேன். காலிஃபிளவரைப் பொடிப்பொடியாகத் துருவி, எண்ணெயில் வதக்கி, உப்புப் போட்டு இறக்கினால் பார்க்கச் சோறு மாதிரியே இருக்கும். பெண்கள் முணுமுணுத்தார்கள். பாதிப் பேர் கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டார்கள். செல்லக்கனிக்கு மட்டும் தனியாக ஒரு உழக்கு அரிசி வடித்துக் கொடுத்தேன். ஊசி போடுகிறவளாயிற்றே. அந்த அளவுக்கு எனக்கு இரக்கம் இருந்தது.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

அவளோடு மதியம் பி ஷிஃப்டுக்குப் போகும் இரண்டு பெண்களும் ஊருக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டார்கள். வெங்கடேசன் செம்பரம்பாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். பத்து மணிக்கு நான் அறைகளைச் சோதனை போட்டேன். அவள் பெட்டியில் இருந்த பிஸ்கட்டையும் கருப்பட்டித் துண்டுகளையும் எடுத்துவந்தேன். எறும்பு வருகிறது என்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோர் பெட்டியிலும் எடுப்பதுதான். அன்று அவள் பெட்டியில் மட்டும் எடுத்தேன்.

பன்னிரண்டரைக்கு ஊசி எடுக்க வந்தாள். எவ்வளவு சோறு சாப்பிடப் போகிறாளோ அதற்குத் தகுந்த மாதிரி மருந்து ஏற்றுவாள். அது அவளுக்குக் கைப்பழக்கம்.

"சோறு இருக்காக்கா?"

"இருக்கு."

ஊசியைப் போட்டுக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்துத் தட்டு வைத்தேன். ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது பூக்கோசுல்லா. சோறு வடிக்கலையாக்கா?"

"இதுவும் சோறுதான். ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது."

"ஐயோ, மருந்து போட்டுட்டேனே. சரி விடுங்க, கடையில ஒரு பன்னு வாங்கித் தின்னுக்கிடுதேன்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. வெயிலில் எதற்குப் போகிறாய், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ போட்டுத் தருகிறேன், உட்கார் என்றேன். உட்கார்ந்தாள்.

என் சமையலறையில் சர்க்கரைக்குப் பதில் இனிப்பு மாத்திரை இருக்கும். குட்டி டப்பா, அழுத்தினால் ஒவ்வொன்றாக விழும். எனக்கு ஒன்று போதும். அவள் டம்ளரில் ஐந்து போட்டேன். நாக்குக்கு இனிக்கும், ரத்தத்தில் ஒன்றும் சேராது. இதைத் தெரிந்துதான் போட்டேன்.

"இனிப்பு போதுமா?"

"தேனா இருக்குக்கா."

குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து காத்திருந்தாள். சரியாகிவிடும் என்று நம்பினாள். நெற்றி வேர்த்தது. இன்னொரு டம்ளர் கேட்டாள், அதுவும் கொடுத்தேன். பிறகு அவள் அம்மாவிடம் பேசுவதைப் போல என்னிடம் ஏதேதோ பேசினாள். பாயை விரித்துப் படுக்கவைத்தேன்.

ஒன்றே முக்காலுக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. ஆள் வராததால் டிரைவர் நாகப்பன் இறங்கி வாசல் வரைக்கும் வந்தார்.

"இன்னாமா, அந்தத் தெக்கத்திப் பொண்ணு வர்லியா?"

"லீவு போட்டுட்டா. தூங்கிகினு இருக்கா."

"சொல்லிக்கீறாளா கம்பெனில? இல்லாங்காட்டி ஆப்சென்ட் போட்ருவானுங்க."

"நான் சொல்லிக்கிறேன்."

அவர் போனார். நான் இரண்டு முட்டையும் கீரையும் சாப்பிட்டேன். பாத்திரம் கழுவினேன். கூடத்தில் அவள் மூச்சு குறட்டை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தது. நாலரைக்கு சுகப்பிரியா வந்து பார்த்துக் கத்தினாள். ஆம்புலன்ஸ் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் இறந்துபோனது உங்களுக்குத் தெரியும்.

ஒரு வேளை சோறில்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குக் காட்ட நினைத்தேன், அவ்வளவுதான் என்று இரண்டு வாரமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். முதல் கால் மணி நேரத்துக்கு அது சரி. ஒன்றே முக்காலுக்கு நாகப்பனிடம் பொய் சொன்னபோது அது சரியில்லை. கிராமசபைக் கூட்டத்தில் டீ போட வாங்கின ஒரு கிலோ சர்க்கரை, பிரிக்காத பாக்கெட், என் பீரோவில் இருந்தது. சாவி இடுப்பில் இருந்தது. அவள் படுத்திருந்த இடத்திலிருந்து பீரோவுக்கு எட்டடி. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எனக்கு நேரம் இருந்தது. நான் எழுந்து போகவில்லை, 108-க்கும் போன் போடவில்லை. அவள் செத்துவிடுவாள் என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன்.

நம்பிக்கை இல்லையென்றால் என் ஃபிரிட்ஜ் கதவைப் பாருங்கள். வாராவாரம் என் எடையைக் குறித்த அட்டையை உங்கள் ஆட்கள் போட்டோ எடுத்தார்கள். அதைப் பிய்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அடியில் செல்லக்கனி எழுதிய தாள் இருக்கிறது. அட்டை ஒட்ட வேறு இடம் இல்லாமல் நான்தான் அதன்மேல் ஒட்டினேன். மூன்று கரண்டி சீனி என்று அவள் கையெழுத்திலேயே இருக்கும்.

ஆகவே, அறியாமை என்ற சொல்லை அடித்துவிடுங்கள். கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள், நான் மறுக்கவில்லை.

இரண்டாவது தப்பு, மேலே அடையாளம் எழுதிய இடத்தில் இருக்கிறது. பழைய ஆதார் படத்தைப் பார்த்து எழுதியிருப்பீர்கள் போலிருக்கிறது. 'உடல்வாகு: பருமன்' என்று இருக்கிறது. எடை மிஷின் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள் மேடம், ஏறி நிற்கிறேன். முதலில் அதைத் திருத்துங்கள். பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.