கட்டிலுக்கடியில் இருந்த சார்ஜர்

என் பெயர் அருள்ஜோதி, வயது 33, கணவர் பெயர் சகாயராஜ். திருக்காட்டுப்பள்ளி அருகே மாதா கோயில் தெருவில் குடியிருந்து, கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன்.

என் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்தவர். 2010ஆம் ஆண்டு அங்கே சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஊர் திரும்பினார். அதன்பின் ஒரு வருடம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். பிறகு கடையில் வீணாகிக் கிடந்த பிரிண்டரை நான் எடுத்து வந்தேன். அவர் அதை மார்பின்மேல் வைத்துக் கழற்றி, உள்ளே இருந்த மோட்டாரைப் பேட்டரியில் சுற்ற வைத்தார். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதன்பின் வீட்டிலேயே ரோபோ செய்வது எப்படி என்று இன்டர்நெட்டில் இருந்ததைப் பிரிண்ட் எடுத்து வருவேன். அவர் படித்துச் சொல்ல, நான் ஒயர்களை ஈயம் வைத்து ஒட்டுவேன். முதலில் செய்தது சுவரில் முட்டி நின்றது. மூன்றாவது, தரையில் ஒட்டிய கறுப்பு டேப் வழியே அடுப்படியிலிருந்து கட்டில்வரை தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தது. "இனிமே தண்ணிக்கு யாரையும் எதிர்பாக்க வேணாம்" என்றார்.

அதற்குப் பைக் பேட்டரி போட்டிருந்தோம். சார்ஜரும் நாங்களே செய்ததுதான். பிளக் அங்கே இருந்ததால் கட்டிலுக்கடியில் வைத்திருந்தோம். அதில் அடிக்கடி பியூஸ் போகும்.

19.11.2012 திங்கட்கிழமை காலை மீண்டும் பியூஸ் போனது. "கம்பிய வச்சுக் கட்டிட்டுப் போ, சாயங்காலம் வேற வாங்கிக்கலாம்" என்றார். நெருப்புப் பிடிக்காதா என்று கேட்டதற்கு, "ரெண்டு மணி நேரந்தானே சார்ஜ் ஏறப்போகுது" என்றார். பியூஸ் இருந்த இடத்தில், லேசில் உருகாத தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டினேன். அதற்குள் கரண்ட் போயிருந்தது. வந்ததும் சார்ஜ் ஏறட்டும் என்று சுவிட்சைப் போட்டே விட்டேன். அதன்பின் கதவை வெளியே பூட்டினேன். "வர்றவங்க பாவம் பாவம்னு பாக்குறாங்க, பூட்டிட்டே போ" என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் தினமும் அப்படித்தான் செய்வேன்.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. அரை மணி கழித்து, புகை வருவதாகப் பக்கத்து வீட்டுப் பக்கிரி போன் செய்தார். நான் ஓடிப் போனபோது அவர் கடப்பாரையால் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தார். சாவி என் பையில் இருந்தது. என் கணவர் கட்டிலை விட்டு இறங்கி, கதவுக்கு மூன்றடி தள்ளிக் குப்புறக் கிடந்தார். தரை டேப் உருகி உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. உயிர் இல்லை.

அதன்பின் கணவரின் அண்ணன் அடைக்கலசாமி, "வீட்டு ஒயரிங் பழசுன்னு சொல்லும்மா, உனக்கு எதுவும் வரக்கூடாது" என்றார். முதலில் வந்த காவலரிடம் அப்படியே சொன்னேன். அது பொய். கம்பி வைக்கச் சொன்னது என் கணவர் என்பது உண்மை. ஆனால் அவர் படுத்திருந்த இடத்திலிருந்து கம்பியின் தடிப்புத் தெரியாது. அது என் கையில் இருந்தது, எனக்குத் தெரியும்.

காவல் நிலையத்தில் இந்த வாக்குமூலத்தை எழுதிப் படித்துக் காட்டியபோது, "பொம்மை வண்டி" என்று எழுதியிருந்த இடங்களில் ரோபோ என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்)
ச. அருள்ஜோதி