எழுபத்திரண்டாவது ஒட்டு

எங்கள் தெருவில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கரண்ட் ஒழுங்காக வராது, அய்யா. தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான் ஓடும். விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், வெல்டிங் மிஷின் மட்டும் காய்ச்சல்காரன் மாதிரி முனகும். இருபத்து மூன்று வருஷமாக இந்தக் கரண்டோடு மல்லுக்கட்டிப் பழகிவிட்டேன். மூன்று மணிக்கு மேல் வெல்டிங் ஹோல்டரைக் கையால் தொட மாட்டேன், அந்தக் கரண்டில் ஒட்டு பிடிக்காது. தேய்ப்பு, பெயின்ட் என்று எதையாவது பார்ப்பேன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பிறகு உங்களுக்கு உதவும்.

என் பெயர் ஆரோக்கியசெல்வம். கூடலூரில் பட்டறை. குமுளி மலையேறுகிற ஜீப்புகளுக்குக் கூண்டு கட்டுவது தொழில். நான் கட்டிய ஜீப் இரண்டு தடவை பள்ளத்தில் உருண்டிருக்கிறது. இரண்டு தடவையும் உள்ளே இருந்தவர்கள் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, நடந்தே மேலே வந்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நீங்கள் ஸ்டேஷனிலிருந்து அனுப்பிய சம்மனை என் மனைவி கிளாராதான் படித்துக் காட்டினாள். சூரியபிரகாஷ் இறந்துபோனதைப் பற்றி அதில் எழுதியிருந்தது எல்லாம் சரி. ஒரு வார்த்தை மட்டும் தப்பு. அதைத் திருத்தத்தான் ஏழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அந்த வார்த்தைக்குக் கடைசியில் வருகிறேன். இப்போதே சொன்னால் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள்.

சூரியபிரகாஷுக்குத் தேவாரம். மலைமேல் ஏலக்காய்த் தோட்டம் உள்ள குடும்பம். முப்பது வயது இருக்கும். எர்ணாகுளத்தில் லாரிக்கு அடியில் போய் மூக்கு நசுங்கிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை, இன்சூரன்ஸ்காரர்கள் கழித்துக்கட்டிய பிறகு வாங்கி, போன வருஷம் மார்ச்சில் என் பட்டறை வாசலில் கொண்டுவந்து இறக்கினான். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, சிவப்பு வண்டி.

"அண்ணே, இத ரோட்டுல ஓட்டப் போறதில்ல. கோயம்புத்தூர் பக்கம் ஒரு டிராக் இருக்கு. பணம் கட்டுனா ஒரு நாள் பூரா நம்ம வண்டிய நம்ம இஷ்டத்துக்கு விரட்டலாம். அதுக்குன்னே மாத்திக் கட்டணும். இங்கன உங்கள விட்டா இதுக்கு ஆளு இல்லண்ணே," என்றான்.

அந்தக் கடைசிப் பேச்சில் நான் விழுந்துவிட்டேன். ஜீப்புக்குத் தகரம் தட்டித் தட்டிச் சலித்துப்போன ஆள். என் கையால் ஒரே ஒரு வண்டியாவது வேறு மாதிரி கட்ட வேண்டும், அதை நாலு பேர் பார்த்து, இது யார் வேலை என்று கேட்க வேண்டும் என்று எனக்கும் ஓர் ஆசை இருந்தது.

திராட்சைப் பந்தலுக்கு ஊன்றுகிற கல்தூண் இரண்டை வாங்கி, பட்டறைத் தரையில் குழி தோண்டி இறக்கி, கான்கிரீட் போட்டேன். அதில் செயின் பிளாக்கை மாட்டி, கோணிப்போன சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். பதினோரு நாள் ஆயிற்று. நூல் பிடித்துப் பார்த்தால் நாலு மூலையும் ஒன்றுபோல வந்திருந்தது. கம்பெனியில்கூட அப்படி வந்திருக்காது.

அதன் பிறகுதான் அவனுடைய கழுத்தறுப்பு ஆரம்பித்தது.

"அண்ணே, தப்பா நினைக்காதீக. ஒரு வீடியோ பாத்தேன்." இப்படி அவன் வாயெடுத்தாலே நான் கிரைண்டரை எடுத்து வைத்துவிடுவேன். வீடியோவைப் பார்த்து ஏ.சி.யைக் கழற்றச் சொன்னான். இன்னொரு வீடியோவைப் பார்த்து மாட்டச் சொன்னான். பிறகு கழற்றச் சொன்னான். உள்ளே பைப்பால் கட்டிய கூண்டை, ஹெல்மெட்டில் இடிக்கிறது என்று அறுக்க வைத்தான். சீட்டை இரண்டு அங்குலம் பின்னால் தள்ளி, மறுபடி அறுக்க வைத்தான். ஒவ்வொன்றும் தண்ணீர் மாதிரி ஓடி உட்கார்ந்த ஒட்டு. கிரைண்டரை வைக்கும்போது என் பல்லில் கூசும். அறுத்துப் போட்ட பைப்புகளை எடுத்துக் கிளாரா பாகற்கொடிக்குப் பந்தல் போட்டுவிட்டாள்.

"முடியாதுன்னு சொல்லி வண்டிய அனுப்பிருங்க. சோறு திங்கும்போதும் பல்லக் கடிக்கிறீக," என்றாள். நான் அனுப்பவில்லை. அது என் வண்டி, அய்யா. காகிதம் அவன் பேரில் இருந்தது, அவ்வளவுதான்.

கூலியில் அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். காசுக்காகச் செய்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஒரு நாள் கூண்டின் ஒரு மூலை எனக்குத் திருப்தியாக இல்லை. நானாகவே ஒரு சின்னத் தகடு வைத்து முட்டுக் கொடுத்தேன். அவன் வந்து பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"என்னயக் கேக்காம எதுலயும் கை வைக்காதீகண்ணே. இது உங்க ஜீப்பு இல்ல," என்றான்.

தகட்டை அறுத்து எடுத்தேன். அந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொண்டேன்.

எஞ்சின் வேலைக்கு மட்டும் கோயம்புத்தூரில் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனான். பதினைந்து நாளில் திரும்பி வந்தபோது இரண்டு கதவிலும் அந்தக் கடைப் பெயர், ஒரு முழ நீளத்துக்கு ஒட்டியிருந்தது. கூடவே புது சீட் ஒன்றும் வந்தது. அதற்காகக் கூண்டை இன்னொரு தடவை அறுக்க வேண்டும். அறுத்தேன். நான் வண்டிக்கு அடியில் படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன், அவன் போனைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தான். கூண்டு பிரமாதமாக இருக்கிறதே, எங்கே கட்டியது என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

"எல்லாம் கோயம்புத்தூர் வேலதான் ப்ரோ," என்றான்.

நான் வெளியே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தான். "கூடலூருன்னா நம்ப மாட்டாய்ங்கண்ணே, அதான்."

நெஞ்சு எரிந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்பது மாதம், நாலு தடவை அறுத்து நாலு தடவை கட்டியவன் காலடியில் கிடக்கிறேன், கூச்சமில்லாமல் அப்படிச் சொல்கிறான். ஆனால் கோபத்தில் செய்கிற வேலை சுத்தமாக இருக்காது. நான் கோபத்தில் எதையும் செய்யவில்லை. ஸ்பானர்களைத் துடைத்து, அளவு வாரியாக மாட்டி வைத்துவிட்டு, சாப்பிடப் போனேன்.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஜீப் முடிந்ததும் ஒரே ஒரு ஒட்டை மட்டும் பாக்கி வைப்பேன். அதை வண்டிக்காரர் தன் கையால் பற்றவைக்க வேண்டும். வண்டி அவரை விட்டுக்கொடுக்காது என்று ஒரு நம்பிக்கை. பின்னால் ஏறுகிற படியில்தான் அந்த ஒட்டை வைப்பேன், விட்டுப்போனாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. காலையில் ஏழு மணிக்கு வரச்சொல்வேன். அவர் வெல்டிங் கண்ணாடியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு கோழி கிளறின மாதிரி எதையோ இழுத்து வைப்பார், சுற்றி நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள். அவர் டீ குடிக்கப் போனதும் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு நான் ஒழுங்காகப் பற்றவைப்பேன். எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே பேசிக்கொள்வதில்லை.

சூரியபிரகாஷை ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு வரச்சொன்னேன்.

அந்த வண்டிக்குப் பின்படி கிடையாது. அதனால் வேறு இடம் பார்க்க வேண்டியிருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு பைப் போகும். தோள் பெல்ட் இரண்டும் அதில்தான் கட்டியிருக்கும். வண்டி எதிலாவது மோதினால் ஆளைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பைப்தான். அதன் வலது முனையை அன்றைக்குக் காலையிலேயே, நல்ல கரண்டில், நான் பற்றவைத்துவிட்டேன். இடது முனையை அவனுக்காக விட்டு வைத்தேன்.

மனைவி அபிதாவோடு லட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். மிஷின் முனகியது. அவன் கையும் பழகாத கை. இட்லி மாவு சொட்டின மாதிரி ஒட்டு பைப் மேல் உட்கார்ந்தது, உள்ளே இறங்கவே இல்லை.

"கேவலமா இருக்குண்ணே. நீங்க சரி பண்ணிருவீகள்ல?" என்று சிரித்தான்.

"டீ ஆறுது, போய்க் குடிங்க தம்பி," என்றேன்.

"அண்ணே, அவரு வச்ச ஒட்ட நம்பி அவரையே அனுப்பிராதீக," என்று அபிதா கிண்டல் பண்ணினாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அவர்கள் தேவாரத்துக்குக் கிளம்பியபின் கிரைண்டர் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. ஆனால் என்னைக் கேட்காமல் எதிலும் கை வைக்காதே என்று சொன்னவன் அவன். வண்டிக்காரன் பேச்சை மீறுவது என் பழக்கம் இல்லை. கொஞ்சம் பட்டி தடவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு பெயின்ட் அடித்தேன். பெயின்ட் அடிப்பது கை வைப்பதில் சேராது. பெயின்ட் அடிக்கச் சொன்னதும் அவன்தான்.

டிராக்குக்குப் போக இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. அந்த இருபத்தாறு நாளில் ஒரு தடவை அவன் வந்து, இது உங்கள் வேலைதானண்ணே என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் போதும். அறுத்துப் பற்றவைக்க அரை மணி நேரம் ஆகாது. நான் காத்திருந்தேன். அவன் டயரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

டிராக்குக்கு அபிதாவோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். மனுஷனைக் கூப்பிடாமல் விட்டான் என்று நான் பழி சொல்ல மாட்டேன். காலை எட்டரை மணி. அவன் சீட்டில் உட்கார்ந்ததும் தோள் பெல்ட்டை இழுத்துக் கட்டியது நான்தான். பெல்ட் கட்டத் தெரிந்தவர் வேறு யாரும் அங்கே பக்கத்தில் இல்லை.

"இறுக்கமா இருக்கா தம்பி?"

"பக்காவா இருக்குண்ணே."

அப்போது அங்கே வண்டிகளைப் பார்வையிடுகிறவர் வந்து குனிந்து, கூண்டை விரலால் தட்டிப் பார்த்தார். "ரொம்ப சுத்தமான வேலை. யார் பண்ணினது?" என்று கேட்டார். சூரியபிரகாஷ் ஹெல்மெட் மாட்டியிருந்தான். உள்ளே இருந்து என்னவோ சொன்னான், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. கையை நீட்டிக் காட்டினான். நான் கதவை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தேன். கதவில் இருந்த பெயரைக் காட்டினானா, என்னைக் காட்டினானா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். குனிந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கதவைச் சாத்தினேன்.

நாலாவது சுற்றில் வளைவில் வழுக்கி டயர் அடுக்கில் போய் மோதினான். பெரிய வேகம் இல்லை. அதே வேகத்தில் மோதிய இன்னொருவர் அன்று சாயங்காலம் வடை தின்றுகொண்டிருந்தார். அபிதா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். "நீங்க கட்டுன கூண்டுல்லண்ணே, ஒண்ணும் ஆயிருக்காதுல்ல? ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே ஓடினாள். அந்த ஒன்பது மாதத்தில் அதை என் வேலை என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். அந்த நேரத்தில் சொன்னாள்.

கூரை ஒரு நூல்கூட இறங்கவில்லை. கூண்டு கட்டினது கட்டினபடி நின்றது. அந்தக் குறுக்குப் பைப் மட்டும் இடது முனையில் கழன்று, பெல்ட்டோடும் அவனோடும் முன்னால் போயிருந்தது. வலது முனை விடவில்லை. பைப்தான் மடங்கியிருந்தது. நீங்கள் போட்டோ எடுத்திருப்பீர்கள், பாருங்கள்.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். "ஏங்க, வெல்டிங் சரியில்லன்னு எழுதிருக்காகளே," என்று கிளாரா அழுதாள். வாங்கிப் பார்த்தேன். கூடலூர் ஆரோக்கியசெல்வம் என்பவர் கவனக்குறைவாகப் பற்றவைத்ததால் என்று இருந்தது. கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் செத்த அன்றைக்குக்கூட நான் தூங்கினேன், உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா.

அந்தக் கூண்டில் எழுபத்திரண்டு ஒட்டு. எழுபத்தொன்று என்னுடையது. அறுத்துப் பாருங்கள், ஒன்றிலாவது ஓர் ஊசி ஓட்டை இருந்தால் என்னைத் தூக்கில் போடுங்கள். எழுபத்திரண்டாவது எங்கே வர வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும், யார் கையால் வர வேண்டும் என்று ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தவன் நான். விடும் என்று தெரிந்துதான் பெயின்ட் அடித்தேன். தெரிந்துதான் பெல்ட்டைக் கட்டினேன். கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.

அந்த வண்டியோடு சேர்த்து என் பெயரை எழுதிய முதல் ஆள் நீங்கள்தான், அய்யா. அது சரியாக இருக்க வேண்டும்.